பால் காய்ச்சும் நாளில் போர்டு இல்லாத சுவர்

என்னிடம் ஒரு காலண்டர் தாள் இருக்கிறது. தினமும் கிழிக்கிற வகை. வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை. முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம், அன்றைய ராசிபலன். பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "காரமடை வீடு. ஞாயிறு காலை பால் காய்ச்சுகிறார்கள். சுவருக்குப் போர்டு அடித்தாகவில்லை. ஜெனிஃபரின் கணக்கு சரி. வீடு சரியில்லை."

கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய சங்கதியைக் குறித்து வைப்பது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு அவற்றை மாத வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அதற்குக் குப்பை என்று பெயர். புதிதாக நம் அலுவலகத்தில் எஞ்சினியர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதச் சொன்னபோது, அந்தக் குப்பையில் முதலில் கைக்கு வந்தது இந்தத் தாள்.

ஜெனிஃபரை உங்களுக்குத் தெரியும். நீங்கள் அனுப்பும் கணக்குகளில் சிவப்பு மையால் கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறாரே, அவர்தான். அப்போது அவருக்கு இது இரண்டாவது வருடம். எனக்குக் கடைசிக்கு முந்தைய வருடம்.

வீட்டுக்காரர் சரோஜினியம்மா. கிரைண்டர் கம்பெனி நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, காரமடைக்கு அந்தப் பக்கம் தன் தோட்டத்தில் குடியேற விரும்பியவர். மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே அவளுடைய மர வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து அம்மாவுக்குச் செங்கல் என்றாலே பிடிக்காமல் போய்விட்டது. தனக்கும் அப்படியே ஒரு வீடு வேண்டும் என்றார். இரண்டு அடுக்கு. மாடியில் சமையலறை, ஏனென்றால் அங்கிருந்துதான் நீலகிரி மலை தெரியும்.

கான்கிரீட்டையே படித்து வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த மாதிரி வீட்டில் கனமான தூண் எதுவும் கிடையாது. சுவருக்குள் ஒல்லியான மரச்சட்டங்கள் வரிசையாக நிற்கும். ஸ்டட் என்பார்கள். இங்கே ஒவ்வொன்றும் தொண்ணூறு மில்லிமீட்டர் அகலம், நாற்பத்தைந்து மில்லிமீட்டர் கனம், இரண்டே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். மாடித்தளம் முழுவதும் இவற்றின் தலையில்தான். சுவரின் இரண்டு பக்கமும் போர்டு, அதாவது தட்டையான மெல்லிய பலகை, அடித்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது.

இந்தச் சட்டங்கள் மேலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்ப்பது ஜெனிஃபரின் வேலை. பார்த்திருந்தார். அகலவாக்கில் வளையாது. கனவாக்கில் வளையக் கூடும், ஆனால் அந்தப் பக்கம் போர்டு பிடித்துக்கொள்கிறது. மரத்தின் பலத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. கணினித் திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. நானும் பார்த்தேன், கணக்கில் பிழை இல்லை. இன்றைக்குப் பார்த்தாலும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சரோஜினியம்மா தாம்பூலத் தட்டோடு அலுவலகத்துக்கு வந்தார். வீட்டு வேலை பற்றிய எந்தச் செய்தியும் எங்களுக்கு முதலில் வரும். விசேஷம் பற்றிய செய்தி கடைசியாக வரும்.

"ஏனுங்க சார், எல்லாரும் குடும்பத்தோட வந்தரோணும். எஞ்சினியருக இல்லாம வீடு ஏதுங்க?"

அழைப்பிதழை வாங்கினால் எல்லோரும் பெயர்களைப் படிப்பார்கள். நான் தேதியைப் படிப்பேன். கிழமை பொருந்துகிறதா, திதி பொருந்துகிறதா என்று பார்த்தேன். பொருந்தியது. வைகாசியின் கடைசி முகூர்த்தம். அப்புறம்தான் இன்னொரு நாள் நினைவுக்கு வந்தது.

"போர்டு லாரி புதன்கிழமைதானுங்களே வருது?"

"அது பாட்டுக்கு வரட்டுமுங்க. பால் காச்சறதுக்குச் செவுரு எதுக்கு? அடுப்பு இருந்தாப் போதும்."

"எத்தன பேரு வருவாங்க?"

"ரொம்ப நெருங்குன சொந்தம் மட்டுந்தானுங்க." கொஞ்சம் யோசித்தார். "ஒரு எரநூறு பேரு."

"அடுப்பு?"

"மேல. சமையக்கட்டு மேலதானுங்களே, நீங்கதான வரைஞ்சு குடுத்தீங்க."

பக்கத்தில் காபி டம்ளர் மேஜையில் இறங்கும் சத்தம் கேட்டது. ஜெனிஃபர்.

"சார், நம்ம கணக்குல ரெண்டு பக்கமும் போர்டு இருக்குதுங்க."

"இருக்கும். புதன்கிழமைக்கு அப்புறம்."

அவர் ஒரு காகிதத்தை இழுத்து, உயரத்தைக் கனத்தால் வகுத்தார். அறுபது வந்தது. மரத்துக்கான நம் விதிநூல் ஐம்பதுக்கு மேல் போனால் அதைத் தூண் என்றே ஒப்புக்கொள்வதில்லை. உடனே விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை. விழாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்று அர்த்தம். இருநூறு பேரில் பாதிப் பேர் மலையைப் பார்க்க மாடியேறினால் உறுதி சொல்லவேண்டிய ஆள் நாங்கள்தான்.

சரோஜினியம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, மரம் நசுங்கிப் போயிருமுங்களா?"

எழுந்துபோய் அலுவலகத் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினேன். விரல் நீளத்துக்கு ஒடித்து, இரண்டு முனையையும் அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். அசையவில்லை. மிச்ச நீளக் குச்சியைக் கொடுத்தேன். தொட்டதும் வில்லாக வளைந்தது.

"ரெண்டும் ஒரே குச்சிதானுங்க," என்றேன். "மரம் நசுங்காது. நெட்டையா தனியா நின்னா வளைஞ்சுரும்."

"எம்பட மருமகனாட்டம்," என்றார். "உக்காந்து பேசுனா மலையப் பொரட்டற மாதிரி இருக்கும். நிக்க வெச்சு ஒரு சோலி சொன்னா நெளிவாப்ல."

ஜெனிஃபர் சிரிப்பை அடக்கக் காகிதத்தைப் பார்த்தார். சரோஜினியம்மா சிரிக்கவில்லை. குச்சியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஆனியும் ஆடியும் ஆகாதுங்க. ஆவணிலதான் அடுத்த நாளு. அதுக்குள்ள லீவுல வந்திருக்கற எம்பட புள்ள திரும்பிக் கனடா போயிருவா. அவ கையில பால் ஊத்தோணும்னுதானுங்க இத்தன நாள் பொறுத்தது. அவ இல்லாம நான் அந்த ஊட்டுக்குள்ள கால் வைக்கறதா இல்லீங்க."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. மாடிக்கு யாரும் போகக்கூடாது என்று கடிதம் எழுதி ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்வது ஒன்று. பேசாமல் இருப்பது இன்னொன்று. கடிதம் எழுதினாலும் ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கும். நாங்கள் அங்கே இருக்க மாட்டோம், அதுதான் வித்தியாசம். கடிதம் என்னைத் தாங்கும், மாடியைத் தாங்காது.

"சனிக்கிழமை முழுக்க எங்களுக்கு வேணுங்க," என்றேன். "நாங்க சொல்றதுக்கெல்லாம் சரின்னு சொல்லோணும்."

"சரீங்க," என்றார், என்னவென்று கேட்காமலே. பிறகு மூன்று முறை வருத்தப்பட்டார்.

சனிக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மர வேலை மேஸ்திரி ரங்கசாமி காலையிலேயே ஒரு சுற்று முடித்திருந்தார். ஜெனிஃபர் முந்தின நாள் மாலையே அவருக்குப் போன் செய்து, எல்லாச் சுவரிலும் சட்டத்துக்குச் சட்டம் நடு உயரத்தில் குறுக்குக் கட்டை அடிக்கச் சொல்லியிருந்தார். வீடு பெரிய சீப்பு மாதிரி நின்றது. ஒரு பக்கம் நின்று பார்த்தால் மறுபக்கம் பாக்குத் தோப்பு தெரிந்தது.

"அடிச்சுப்போட்டனுங்க," என்றார் மேஸ்திரி. "தொங்கியும் பாத்துட்டேன். நூலளவு அசையலீங்க."

ஜெனிஃபர் முகம் தெளிந்திருந்தது. "நடுவுல பிடிச்சாச்சுன்னா உயரம் பாதிதானுங்க சார். அறுபது முப்பதாச்சு. அகலவாக்குலயும் அதே முப்பதுதானுங்க. பச்சை வந்துருச்சு."

"நீ எதுல வேலைக்கு வர்ற?"

"உக்கடம் டவுன் பஸ்ஸுலீங்க. ஏனுங்க?"

"காலைக் கூட்டத்துல கம்பி எட்டலைன்னா?"

"பக்கத்துல நிக்கறவங்க தோளப் பிடிச்சுக்குவேன்."

"அவங்க?"

"அவங்களுக்குப் பக்கத்துல..." நிறுத்தினார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். "யாராச்சும் ஒருத்தர் கம்பியப் பிடிச்சிருக்கோணும். இல்லாட்டி டிரைவர் பிரேக் அடிச்சா மொத்தமா சாயும்."

அவரே போய், சுவரின் இந்தக் கோடியில் இருந்த சட்டத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து, சுவர் போகும் திசையில் தள்ளினார். அந்தக் கோடிச் சட்டத்தில் மேஸ்திரி தன் சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தார். பை ஆடியது.

மேஸ்திரி கொஞ்ச நேரம் பையைப் பார்த்தார். "காத்துங்க," என்றார்.

காற்றே இல்லை. பாக்கு மரங்கள் அசையாமல் நின்றன. ஜெனிஃபர் மறுபடி தள்ளினார். பை மறுபடி ஆடியது.

"செரி, காத்து இல்லீங்க," என்றார் மேஸ்திரி.

எல்லாச் சட்டங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன, எதுவும் கம்பியைப் பிடித்திருக்கவில்லை. ஒவ்வொரு சுவரிலும் கோடிச் சட்டங்களை ஒரு விறைப்பான பலகையோடு சேர்த்து முடுக்கிவிட்டால் மீதிச் சட்டங்கள் அதைப் பிடித்து நிற்கும். பலகைக்கு எங்கே போவது? போர்டுகள் எல்லாம் தூத்துக்குடியிலிருந்து கிளம்பக்கூட இல்லை. ஊரில் எந்நேரமும் கிடைக்கும் பலகை ஒன்றே ஒன்றுதான். கான்கிரீட் போடும்போது அடியில் கொடுக்கும் சென்ட்ரிங் பிளைவுட். காரமடையில் வாடகைக்குக் கிடைக்கும். டெம்போவில் வந்து இறங்கியது, பழைய சிமெண்ட் தடம் தடமாக அப்பிக்கொண்டு, யாரோ ஒருவருடைய போன் நம்பர் கரியில் எழுதி.

சரோஜினியம்மா முதல் முறை வருத்தப்பட்டது அப்போதுதான்.

"ஏனுங்க சார், வெள்ளையா மர வீடு கட்டித் தாங்கன்னா, ஊட்டுக்கு வர்ற ஒரம்பரை சனத்து முன்னாடி இதையா மாட்டறீங்க? வீடியோக்காரன் வாரானுங்க."

"புதன்கிழமை கழட்டிரலாமுங்க."

"வீடியோவுல புதன்கிழமையா தெரியும்?"

ஒவ்வொரு சுவரின் இரண்டு கோடியிலும் பிளைவுட்டை வைத்து, விளிம்பு முழுக்க நெருக்கமாகத் திருகு போட்டார்கள். பிறகு ஜெனிஃபர் மறுபடி தள்ளினார். மேஸ்திரியும் சேர்ந்து தள்ளினார். பை ஆடவில்லை. அதற்குள் சரோஜினியம்மா தன் காரிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். வருகிற சொந்தங்களுக்கு மரியாதை செய்ய வாங்கி வைத்திருந்த சென்னிமலைப் போர்வைகள். சிவப்பு, பச்சை, கட்டம் போட்டது, மயில் போட்டது. அவற்றைச் சிமெண்ட் கறை தெரியாமல் மேலேயிருந்து தொங்கவிட்டார்கள். வீடு திருவிழாக் கடை மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது வருத்தம் மாடிக்கு ஆள் குறைப்பது பற்றி. பிளைவுட் போட்ட பிறகு கணக்குப்படி பயமில்லை. ஆனால் அவசரத்தில், ஒரே நாளில், இருக்கிற பலகையை வைத்துச் செய்த வேலை. கணக்கு தாங்கும் என்று சொல்கிற அளவுக்கு ஆளை ஏற்ற நான் தயாரில்லை. பூஜைக்கு வேண்டியவர்கள் மட்டும், பதினைந்து பேருக்கு மேல் கூடாது, பசு கீழேயே நிற்கட்டும் என்றேன். பசு விஷயத்துக்கு உடனே தலையாட்டினார். ஆள் விஷயத்துக்குத்தான் தயங்கினார்.

"சொந்தக்காரங்களப் போயி மேல வராதீங்கன்னு சொல்ல முடியுமுங்களா? நாளைக்கு அவிய ஊட்டு விசேஷத்துக்கு நான் போகோணுமல்ல?"

ஜெனிஃபர் கயிறு கட்டலாம் என்றார். மேஸ்திரி படிக்கட்டில் பெயிண்ட் ஈரம் என்று அட்டை மாட்டலாம் என்றார். நான் சாப்பாட்டுப் பந்தியை முன்கூட்டியே ஆரம்பிக்கலாம் என்றேன். சரோஜினியம்மா எங்களைச் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அதெல்லாம் ஆகாதுங்க. எங்க பெரியண்ணனப் படிக்கட்டுக்குக் கீழ சேர் போட்டு உக்கார வெச்சர்றேன்."

"அவர் என்ன பண்ணுவாருங்க?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சொந்தத்துல பாதிப் பேருக்கும் அவருக்கும் பேச்சு வார்த்த இல்ல. அவிய கிட்டவே வரமாட்டாங்க. மிச்சப் பாதி வந்து வணக்கம் வெச்சா, அவரு பேச ஆரம்பிச்சு எந்திரிக்க உடமாட்டாரு."

இத்தனை வருட வேலையில் தளத்தின் மீது வரும் பாரத்தைக் குறைக்கப் பல முறைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு செலவில்லாத ஒன்றைப் பார்த்ததில்லை.

ஞாயிறு, விடிவதற்குச் சற்று முன்பே வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. பெரியண்ணன் வெள்ளை வேட்டியில் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருந்தார். அவர் தங்கை சொன்னது அப்படியே நடந்தது. ஒரு கூட்டம் அவரைக் கண்டதும் தோப்பைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டது. மற்றொரு கூட்டம் அவரைச் சுற்றி நின்று, கொடுமுடியில் வாங்கிய ஒரு மாட்டின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் கீழே, நடுச்சுவரின் மத்தியில், ஒரு சட்டத்தை ஒட்டித் தூக்குக்குண்டு கட்டி வைத்திருந்தேன். நூலுக்கும் மரத்துக்கும் இடையே விரல் கனம் இடைவெளி; சட்டம் வளைந்தால் அது மாறும். அந்த இடைவெளிதான் எனக்கு அன்றைய பூஜை. ஜெனிஃபர் சுவர் சுவராகச் சுற்றினார். ஓரிடத்தில் யாரோ ஒரு பெண் இரண்டு சட்டங்களின் நடுவில் சேலையைக் கட்டிக் குழந்தைக்குத் தூளி போட்டிருந்தார். குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது.

"அக்கா, தூளிய வேப்பமரத்துல கட்டிக்கலாமுங்களா?"

"ஏன் கண்ணு, இங்க நல்லாத்தான இருக்குது?"

"மரம் ஒண்ணுதானுங்க. அது வேரோட நிக்குது, இது இன்னும் வேர் விடல."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

மேலே அடுப்பு மூட்டினார்கள். தலைக்கு மேல் பலகைத் தளத்தில் கால்கள் நடப்பது எங்களுக்குத் துல்லியமாகக் கேட்டது. எல்லாம் வெறுங்கால்கள், மெத்து மெத்தென்று. நூலைப் பார்த்தேன். இடைவெளி அப்படியே இருந்தது. ஐயர் மந்திரத்தை வேகப்படுத்தினார். பால் பொங்கப் போகிறது என்று கீழே இருந்தவர்களும் படிக்கட்டை நோக்கி நகர்ந்தார்கள். பெரியண்ணன் காலை நீட்டிக்கொண்டார். நகர்ந்தவர்கள் நின்றார்கள்.

அப்போது மேலே வேறொரு சத்தம் கேட்டது. டக். டக், டக். கெட்டியான, சின்னச் சத்தம். செருப்பில்லாத வீட்டில் அப்படி ஒரு நடை. ஜெனிஃபர் என்னைப் பார்த்தார். நான் நூலைப் பார்த்தேன். சட்டத்தின் மீது அவர் கை போனது, எடுக்கவில்லை. சத்தம் அடுப்புப் பக்கம் போய், நின்று, திரும்பி வந்தது. அதற்குள் குலவையும் வாத்தியமும் சேர்ந்து எழும்பி எல்லாவற்றையும் மூடிவிட்டன. பால் பொங்கிவிட்டது. ஊற்றியது மகள். இடைவெளி அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து அம்மா தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சரோஜினியம்மா எங்களைப் பார்த்துக் கை கூப்பினார். ஜெனிஃபர் அப்போதுதான் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் மர வரி பதிந்திருந்தது.

மூன்றாவது வருத்தம் சாப்பாட்டுக்குப் பிறகு. மரியாதை செய்ய ஒவ்வொரு போர்வையாகச் சுவரிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, சிமெண்ட் பலகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் கரியில் எழுதிய போன் நம்பரும் வந்தது. அது வீட்டை வடிவமைத்தவரின் நம்பர் என்று நினைத்து, ஒரு பெரியவர் கவனமாகத் தன் போனில் ஏற்றிக்கொண்டார்.

எல்லோரும் பந்தியில் இருந்தபோது நானும் ஜெனிஃபரும் மாடிக்குப் போய்ப் பார்த்தோம். ஒரு திருகும் கழன்றிருக்கவில்லை. சமையலறை வாசலில், மஞ்சள் நீர் காய்ந்த இடத்தில், ஒரு தடம் இருந்தது. இரண்டு பிறைகளை எதிரெதிராக வைத்த மாதிரி, என் கட்டை விரல் நீளத்தில்.

கீழே வந்து பெரியண்ணனிடம் கேட்டேன்.

"மாடு மேல போச்சுங்களா?"

"நான் இங்கயே உக்காந்திருக்கறனுங்களே. மாடு எப்படிப் போகும்?"

பசு தோப்பில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அதன் கன்று பக்கத்தில் நின்று, கழுத்து மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

"சார்," என்றார் ஜெனிஃபர் மெதுவாக, "கன்னுக்குட்டியப் பத்தி நீங்க கேக்கவே இல்லீங்க."

திரும்பிப் போனேன். பெரியண்ணன் அதற்குள் கொடுமுடி மாட்டின் கதையை மறுபடி ஆரம்பித்திருந்தார். முடியும்வரை என்னை எழுந்திருக்க விடவில்லை. முடிந்தபோது கன்றைக் காணோம், ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

போர்டு லாரி சொன்னபடி புதன்கிழமை வந்தது. பிளைவுட்டைக் கழற்றிக் கொடுத்தோம். வீடு வெள்ளையாகி, சரோஜினியம்மா ஆசைப்பட்ட மாதிரியே ஆனது. அடுத்த வாரம் ஜெனிஃபர் தன் கணக்குத் தாளை எடுத்து, தலைப்புக்கு அடியில் சிவப்பு மையால் ஒரு கேள்வி எழுதினார்: "இது எந்த நாளிலிருந்து உண்மை?" உங்கள் தாள்கள் திரும்பி வரும்போது மேலே அதே கேள்வி இருந்தால், எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். போர்டு அடித்த பிறகு தாங்கும் சுவர், போர்டு அடிக்கும் முன்பும் சில நாட்கள் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் யாராவது ஒரு நல்ல நாள் பார்த்து வைத்திருப்பார்கள்.

கன்று விஷயத்தைப் பின்னர் நான்கு பேரிடம் விசாரித்தேன். சரோஜினியம்மா பேச்சை மாற்றி மோர் கொடுத்தார். ஐயர் தான் கண்ணை மூடியிருந்ததாகச் சொன்னார். மேஸ்திரி அது நாற்காலியின் கால் தடம் என்கிறார். வீடியோவில் சரியாக அந்த இடத்தில் பொங்கும் பாலையே காட்டுகிறார்கள். எனவே அந்த ஞாயிற்றுக்கிழமையின் காலண்டர் தாளில் ஒரு வரியை இன்னும் பென்சிலில்தான் வைத்திருக்கிறேன்: "மாடியில் பதினைந்து பேர். கன்று ஏறியதா, உறுதியாகவில்லை."